புரோட்டீன் பவுடரில் ஈயம்: ஒரு ஸ்கூப்பில் எவ்வளவு, யாருக்கு ஆபத்து?

மயிலாடுதுறை பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 24, எடை 65 கிலோ. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார். காலையில் ஓட்டம், மாலையில் ஜிம். ஒரு வருடமாகத் தினமும் இரண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர் குடிக்கிறார். பாலிலிருந்து எடுத்தது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பட்டாணி, அரிசிப் புரதம் கலந்த பவுடருக்கு மாறியிருக்கிறார். சாக்லேட் சுவை. டப்பாவில் 'இயற்கையானது' என்று பெரிதாகப் போட்டிருந்ததை நம்பி வாங்கியது. இப்போது புரோட்டீன் பவுடரில் ஈயம் இருப்பதாகச் செய்தி பார்த்துப் பயந்துபோயிருக்கிறார். "அண்ணே, உடனே நிறுத்தணுமா? இவ்வளவு நாள் குடிச்சதுக்கு என்ன ஆகும்? வளைகாப்பு முடிஞ்சு அக்கா வீட்டுக்கு வந்திருக்கு. எடை ஏறலைன்னு அதுவும் இதையே ஒரு ஸ்கூப் குடிக்குது. டப்பாவில் பாதி இன்னும் இருக்கு, மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கினது, அதை என்ன பண்றது?" என்று கேட்கிறார்.

தம்பி, அக்காவைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பவுடரை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மீதியைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இதுவரை குடித்ததை நினைத்து அவரைப் பயமுறுத்தவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் விஷயம் வேறு. அதில் பதற்றம் தேவையில்லை, கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கைத்தான் செய்திகளில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

நான் இருபது வருடத்துக்கு மேல் உணவுப் பரிசோதனைக் கூடங்களில் உலோகப் பிரிவில் வேலை பார்த்தவன். அரிசி, மசாலாத் தூள், குழந்தை உணவு என்று போய்க்கொண்டிருந்த வேலையில் பிற்பாடு புரோட்டீன் பவுடர் டப்பாக்களும் நிறைய வர ஆரம்பித்தன. இப்போது சொந்த ஊரான கும்பகோணத்தில் இருக்கிறேன்.

எங்கள் ஊரில் ஈயம் கெடுதல் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "அப்போ ஈயச் சொம்பில் ரசம் வைக்கக் கூடாதா?" என்பதுதான். அதைத் தெளிவாக்கிவிட்டு மேலே போகலாம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ரசச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். செய்தியில் வரும் நஞ்சு காரீயம். ரசத்தை ஊற்றாமல் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிப்போகும் என்று பாட்டிமார் எச்சரிப்பார்களே, அது வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால். சுத்தமான வெள்ளீயச் சொம்பில் ரசம் வைப்பதில் தவறில்லை. விலை குறைவு என்று காரீயம் கலந்த சொம்பை வாங்கினால்தான் வம்பு. காரீயம் கலந்தது கையில் கனமாக இருக்கும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் கோடு விழும். இனி இந்தப் பதிலில் ஈயம் என்று சொல்வதெல்லாம் காரீயத்தைத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். இங்கே அளவெல்லாம் மைக்ரோகிராமில். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. ஒரு நெல்மணி ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றை மணியை 40,000 துண்டாக நறுக்கினால் ஒரு துண்டின் எடை அரை மைக்ரோகிராம். கலிபோர்னியா மாநிலச் சட்டம் ஈயத்துக்கு வைத்திருக்கும் ஒரு நாள் அளவு அந்த ஒரு துண்டுதான். அதைத் தாண்டினால் டப்பாவில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும். கருவுக்கும் இனப்பெருக்கத்துக்கும் கெடுதல் செய்யாது என்று எடுத்துக்கொண்ட ஓர் அளவை ஆயிரத்தால் வகுத்து வைத்த எல்லை அது. செய்தியில் "1,500 சதவீதம் அதிகம்" என்று வரும்போது, எதைவிட அதிகம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இந்த அரை மைக்ரோகிராமைவிட.

மற்றவர்களுடைய எல்லைகள் வேறு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு உணவு வழியாக நாளொன்றுக்கு 8.8 மைக்ரோகிராமும் குழந்தைகளுக்கு 2.2 மைக்ரோகிராமும் ஒப்பீட்டு அளவாக வைத்திருக்கிறது. இது ஒரு பவுடருக்கு மட்டுமானதல்ல, அன்றைக்குச் சாப்பிடும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மாசுப்பொருள் விதிகள் 2011-இல் வந்தபோது, தனியாகப் பெயர் சொல்லப்படாத உணவுகளுக்கு ஈய வரம்பு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். முப்பது கிராம் ஸ்கூப்புக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், 75 மைக்ரோகிராம் வரும். ஒரு டப்பா சட்ட வரம்புக்குள் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கிலோவுக்கு வைத்த வரம்பு, தினமும் இரண்டு ஸ்கூப் குடிப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஈயத்துக்குத் தான் முன்பு வைத்திருந்த வாராந்திர அளவை 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இந்த அளவுக்குக் கீழே இருந்தால் தீங்கே இல்லை என்று கோடு கிழிக்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

நீங்கள் பார்த்த செய்தி அனேகமாக, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 2025 அக்டோபரில் வெளியிட்ட சோதனை பற்றியதாக இருக்கும். அந்த நாட்டுச் சந்தையில் கிடைக்கும் 23 பவுடர்களையும் பானங்களையும் சோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவற்றில் ஒரு வேளை அளவிலேயே அந்த அரை மைக்ரோகிராமைத் தாண்டி ஈயம் இருந்தது. மிக அதிகமாக இருந்ததில் ஒரு வேளைக்கு 7.7 மைக்ரோகிராம். செடிப் புரதங்களில் இருந்த சராசரி ஈயம், பால் புரதங்களில் இருந்ததைப்போல ஒன்பது மடங்கு. அதே வருடம் ஜனவரியில் கிளீன் லேபிள் புராஜெக்ட் என்ற இன்னோர் அமைப்பு 160 பவுடர்களைச் சோதித்து, 47 சதவீதம் கலிபோர்னியா எல்லையைத் தாண்டுவதாகச் சொன்னது. சாக்லேட் சுவையுள்ளவற்றில் வெனிலாவைவிட நான்கு மடங்கு வரை ஈயம். 'ஆர்கானிக்', அதாவது இயற்கை முறையில் விளைந்தது, என்று போட்டவற்றில் போடாதவற்றைவிட மூன்று மடங்கு. நீங்கள் வாங்கியது செடிப் புரதம், சாக்லேட், 'இயற்கை'. உங்கள் டப்பாவை யாரும் சோதிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புள்ள மூன்று குணங்களும் ஒரே டப்பாவில் சேர்ந்திருக்கின்றன.

இது ஏன் என்பதை டெல்டாக்காரருக்குப் புரியவைப்பது சுலபம். யாரோ தொழிற்சாலையில் விஷத்தைக் கொட்டிக் கலக்கினார்கள் என்று எண்ண வேண்டாம். பயிர் மண்ணில் இருப்பதை எடுக்கிறது, அவ்வளவுதான். அதற்கு நல்லது கெட்டது பிரிக்கத் தெரியாது. துத்தநாகம் போகும் வழியிலேயே காட்மியம் என்ற நச்சு உலோகமும் வேருக்குள் போகும். மணலில் இருக்கும் சிலிக்கா போகும் வழியில் ஆர்சனிக் என்ற நஞ்சு போகும். நெல் சிலிக்காவை அள்ளி எடுக்கிற பயிர், அதனால் ஆர்சனிக்கையும் கூட எடுத்துக்கொள்கிறது. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணில் காற்று இல்லாமல் போய், இரும்போடு ஒட்டியிருந்த ஆர்சனிக் கரைந்து வெளியே வருகிறது. தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்டால் ஆர்சனிக் குறையும், அதுவரை மண்ணோடு கட்டுண்டு கிடந்த காட்மியம் கிளம்பும். ஒற்றை நாற்று நடவில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுகிறோமே, அதற்கு இப்படி ஒரு பக்கமும் இருக்கிறது. காட்மியம் பெரும்பாலும் பாறை பாஸ்பேட்டோடு, அதிலிருந்து செய்த உரத்தோடு மண்ணுக்கு வருகிறது. ஆர்கானிக் சாகுபடியில் ரசாயன உரம் இல்லைதான். ஆனால் பாறை பாஸ்பேட்டைத் தூளாக்கிப் போட அங்கேயும் அனுமதி உண்டு. ஈயமும் காட்மியமும் மட்கி அழிகிற பொருள்களல்ல. ஒரு தடவை மண்ணில் விழுந்தது அங்கேயே கிடக்கும். பூச்சிமருந்து அடிக்கவில்லை என்ற சான்றிதழுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

நெல் வழியாக ஓர் உலோகம் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஜப்பானின் டொயாமா பகுதி சாட்சி. அங்கே ஜின்சு ஆற்றின் மேல்பக்கம் கமியோகா சுரங்கம். சுரங்கக் கழிவில் இருந்த காட்மியம் ஆற்றில் கலந்து, ஆற்றுப் பாசன வயலில் படிந்து, அரிசிக்குள் போனது. அதைச் சாப்பிட்டவர்களில் நிறையப் பிள்ளை பெற்ற, வயதான பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. எலும்பு மெலிந்து, திரும்பிப் படுத்தாலே முறிகிற நிலைக்குப் போனார்கள். "வலிக்கிறது, வலிக்கிறது" என்று அவர்கள் கத்திய சொல்லே நோயின் பெயரானது, இடாய் இடாய். 1968-இல்தான் ஜப்பான் அரசு அதைச் சுற்றுச்சூழல் மாசால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. உங்கள் டப்பாவில் இருப்பதற்கும் டொயாமாவில் நடந்ததற்கும் அளவில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது, கடைசியில் பெண்களின் எலும்பில்தான் அதிகமாக விடிந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அக்காவின் விஷயத்தில் இது திரும்ப வரும்.

இப்போது பட்டாணிக்கு வாருங்கள். பட்டாணியில் புரதம் நூற்றுக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து கிராம். ஒரு கிலோ புரதத்தைப் பிரித்தெடுக்க நான்கைந்து கிலோ பட்டாணி வேண்டும். மாவாக்கி, தண்ணீரில் கரைத்து, மாவுச்சத்தை ஒதுக்கிவிட்டுப் புரதத்தை உலர்த்துகிறார்கள். உலோகங்கள் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளவை. அதனால் மாவுச்சத்தோடு வெளியே போகாமல் கணிசமான பங்கு பவுடரிலேயே தங்கிவிடும். அரிசிப் புரதத்தில் இந்தப் பெருக்கம் இன்னும் கூடுதல், ஏனென்றால் அரிசியில் புரதமே ஏழெட்டுக் கிராம்தான். மோர்த்தெளிவிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனில் குறைவாக இருப்பதற்குக் காரணம் மாடு. மாடு தின்ற புல்லில் இருக்கும் ஈயத்தில் மிகச் சிறிய பங்குதான் பாலுக்கு வருகிறது. மாட்டின் உடம்பே சல்லடை மாதிரி வேலை செய்கிறது. கோகோவில் காட்மியம் மண்ணிலிருந்து வருகிறது, ஈயம் பெரும்பாலும் கொட்டையைத் திறந்தவெளியில் காயவைக்கும்போது படியும் தூசியிலிருந்து. ரோட்டில் நெல் காயப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, ஒரு வருடம் குடித்ததற்கு என்ன ஆகும்? மோசமான கணக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சோதனையில் மிக அதிகமாக வந்த அந்த 7.7 மைக்ரோகிராம் உங்கள் டப்பாவிலும் ஒவ்வொரு ஸ்கூப்பிலும் இருக்கிறது என்று வைப்போம். இரண்டு ஸ்கூப்புக்கு 15 மைக்ரோகிராம் சொச்சம். தினமும் ஒரு மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போனால் பெரியவர்களின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது நூறு மில்லிக்கு, ஏறக்குறைய 0.04 மைக்ரோகிராம் கூடும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பயன்படுத்தும் கணக்கு. அப்படியானால் உங்களுக்குக் கூடியிருப்பது 0.6. ரத்தத்தில் 5 இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, உங்களுக்கு ஈய விஷம் ஏறிவிட்டது என்று சொல்ல இடமில்லை. ரத்தத்தில் இருப்பது நிறுத்திய ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் ஒரு பங்கு அதற்குள் எலும்புக்குப் போய்விடும். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் வைத்துக் கட்டிவிடுகிறது. அங்கே போனது பத்து, இருபது வருடம் இருக்கும். காட்மியமும் அப்படியே, அது சிறுநீரகத்தில் போய் உட்காரும். 24 வயதில் தொடங்கி 40 வரை தினமும் இரண்டு ஸ்கூப் என்று போகிறவர் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஒரு டப்பாவைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம், பழக்கத்தைப் பற்றி வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. விடியற்காலை ஓட்டத்துக்கு முன்னால் வெறும் வயிற்றில் ஒரு ஸ்கூப் என்று எழுதியிருந்தீர்கள். சாப்பாட்டோடு சேர்ந்து போகும் ஈயத்தில் பெரியவர்களின் உடம்பு பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் போனால் பாதிக்கும் மேல் உள்ளே இழுத்துக்கொள்ளும். எந்தப் பவுடராக இருந்தாலும் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தாலும் கால்சியம் குறைவாக இருந்தாலும் இதே கதைதான், உலோகம் கூடுதலாக உள்ளே ஏறும்.

இப்போது அக்கா. ஏழாவது மாதத்துக்கு மேல் குழந்தையின் எலும்பு வேகமாக வளரும். அதற்கு வேண்டிய கால்சியம் சாப்பாட்டில் போதவில்லை என்றால் தாயின் எலும்பிலிருந்து எடுக்கப்படும். எலும்பில் பழைய ஈயம் இருந்தால் அதுவும் கூடவே இறங்கி ரத்தத்துக்கு வரும். நஞ்சுக்கொடி ஈயத்தைத் தடுக்காது. தாயின் ரத்தத்தில் இருப்பதற்குக் கிட்டத்தட்ட சமமான அளவு குழந்தையின் ரத்தத்திலும் இருக்கும். வளரும் மூளைதான் ஈயத்துக்கு எளிய இரை. பெரியவருக்கு ஒன்றும் செய்யாத அளவு அங்கே படிப்பு, கவனம் வரைக்கும் பாதிக்கும். அதனால்தான் முதல் பத்தியிலேயே நிறுத்தச் சொன்னேன்.

நிறுத்தியாயிற்று என்றால் அடுத்து செய்ய வேண்டியது மாத்திரையை ஒழுங்காகப் போடுவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் எத்தனை பேர் அலமாரியில் போட்டு வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மெக்சிகோவில் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களின் ரத்த ஈயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. அந்த மாத்திரை எலும்புக்கு மட்டுமல்ல, இதற்கும் காவல். இரண்டு மாத்திரையையும் ஒரே வேளையில் போடச் சொல்லாதீர்கள். கால்சியம் இரும்பைத் தடுக்கும், காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று பிரித்துப் போடட்டும். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்கு என்று சத்துமாவு தருகிறார்கள், கூச்சப்படாமல் போய் வாங்குங்கள். மனதுக்குச் சமாதானம் வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம். ஒரு குழாய் ரத்தம் போதும். "உலோகத்தை வெளியே எடுக்கும்" என்று விற்கும் கஷாயம், மாத்திரை, டீடாக்ஸ் பவுடர் எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஊர் பேர் தெரியாத பஸ்பமும் செந்தூரமும் கர்ப்பத்தில் கூடவே கூடாது, சரியாகச் செய்யாதவற்றில் பாதரசமும் ஈயமும் தாராளமாக இருக்கும்.

பாதரசம் என்றதும் ஞாபகம் வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று நாகப்பட்டினம் பக்கம் சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள். அன்போடு செய்வது, சுவையும் நன்றாக இருக்கும். ஆனால் சின்ன மீனைத் தின்று பெரிய மீன், அதைத் தின்று சுறா என்று போகும்போது பாதரசம் படிப்படியாகச் சேர்ந்து சுறாவில் உச்சத்துக்கு வந்துவிடுகிறது. கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் சுறா வேண்டாம். மத்தி, நெத்திலி போதும். சின்ன மீன், பாதரசம் குறைவு, விலையும் குறைவு.

அடுத்து, நல்ல பவுடரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால் உங்களுக்கே புரியும். அரைக் கிராம் பவுடரை டெஃப்லான் குப்பியில் எடுப்போம். நைட்ரிக் அமிலம் ஊற்றி மூடி, அதற்கென்று உள்ள மைக்ரோவேவ் அடுப்பில் ஏறக்குறைய 200 டிகிரி வரை சூடாக்குவோம். ஆறவைத்துத் திறந்தால் செம்பழுப்பாகப் புகை வரும். சாக்லேட் நிறமெல்லாம் போய் உள்ளே தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். அதை நீர்க்கவைத்துக் கருவிக்குள் அனுப்பினால், ஆர்கான் வாயுவில் எரியும் பல ஆயிரம் டிகிரி சுடரில் எல்லாம் தனித்தனி அணுக்களாகப் பிரியும். கருவி அவற்றை எடைவாரியாக எண்ணும். ஈயத்துக்கு 208, காட்மியத்துக்கு 111, ஆர்சனிக்குக்கு 75. பவுடரில் உப்பு இருந்தால் ஆர்கானும் குளோரினும் சேர்ந்து 40-ம் 35-ம் 75 ஆகிவிடும், இல்லாத ஆர்சனிக் இருப்பதாகக் காட்டும். அதைத் தெரிந்து விலக்கத் தெரிந்தவர்தான் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த அறிக்கையை நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். வாங்கினால் மூன்று இடத்தைப் பாருங்கள். உங்கள் டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணும் அறிக்கையில் உள்ளதும் ஒன்றா? மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரே அறிக்கையை எல்லோருக்கும் அனுப்புவது சகஜம். இரண்டாவது, ஈயம் என்ற வரியில் எண் எவ்வளவு? கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்றால், ஒரு கிராமுக்கு 0.1 மைக்ரோகிராம், 30 கிராம் ஸ்கூப்புக்கு 3 மைக்ரோகிராம். மூன்றாவதுதான் ஆட்களை ஏமாற்றும் இடம். எண்ணே இல்லாமல் "கண்டறியப்படவில்லை" என்று இருக்கும். பார்த்தவர் நிம்மதி ஆகிவிடுவார். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், அந்தக் கூடத்தால் அளக்க முடிந்த குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். அது கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால், ஒரு ஸ்கூப்பில் 15 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாக ஈயம் இருந்தாலும் அறிக்கை "கண்டறியப்படவில்லை" என்றுதான் சொல்லும். நெல் மூட்டை எடைபோடும் தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது, அதற்காக மூக்குத்திக்கு எடை இல்லை என்று ஆகுமா? நல்ல கருவி இருக்கும் கூடம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் அளவையும் அளக்கும்.

டப்பாவில் உள்ள 14 இலக்க உரிம எண் இதற்கெல்லாம் உத்தரவாதம் ஆகாது. தயாரிப்பவர் உரிமம் பெற்றவர் என்று மட்டும்தான் அது சொல்லும். விளையாட்டு வீரர்களுக்காக பேட்ச் வாரியாகச் சோதித்துத் தரும் முத்திரைகளில் என்.எஸ்.எஃப். விளையாட்டுச் சான்று நம்பகமானது, அதில் உலோகமும் சோதிக்கப்படுகிறது. நம் நாட்டுப் பவுடர்களைப் பொறுத்தவரை, கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். 36 பவுடர்களைச் சோதித்ததில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் டப்பாவில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்ஸின். கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மூலிகைச் சாறுகள் சேர்த்தவையும் இருந்தன. காசு கொடுத்து வாங்கும் புரதமே பாதிதான் என்றால், ஈயத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நமக்குக் கோபம் வர வேண்டும். மூலிகை கலந்த புரோட்டீன் பவுடர் எதையும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இவ்வளவையும் பார்த்துத் தேடி வாங்குவதற்கு முன்னால், உங்களுக்கு அது தேவையா என்று பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, கிலோ எடைக்கு 0.83 கிராம். உங்களுக்கு 54 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவர் என்பதால் கிலோவுக்கு 1.2-லிருந்து 1.6 வரை போகலாம், 78-லிருந்து 104 கிராம். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், உடம்பு ஏற்றுவதற்குப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

நீங்கள் இருப்பது டெல்டாவில். சம்பா அறுவடைக்கு முன்னால் ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிட்டு, அறுத்த தாளுக்கு நடுவே அது முளைத்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர். அந்த உளுந்தில் நூறு கிராமுக்கு 23 கிராம் புரதம். ஒரு நாள் கணக்கு பாருங்கள். சோற்றுக்குப் போடும் 300 கிராம் அரிசியில் 20 கிராமுக்கு மேல் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இட்லி, களி, சாம்பார், சுண்டல் என்று எல்லாம் சேர்த்து 75 கிராம் உளுந்தும் பருப்பும் பயறும் போனால் 17. மூன்று முட்டை 18. ஐம்பது கிராம் வேர்க்கடலை 12. ஒரு துண்டு கெண்டையோ விராலோ நூறு கிராம் என்றால் 18. மொத்தம் 85 கிராம் வந்துவிட்டது. பால்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறீர்கள், அப்படிப்பட்ட பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும், முயன்று பாருங்கள். மீன் கிடைக்காத நாளில் இரண்டு பிடி பொட்டுக்கடலை. 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடவும் கயிறு ஏறவும் இது தாராளமாகப் போதும். மேற்கொண்டு சோற்றை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால், அரிசியில் உள்ள ஆர்சனிக்கில் கிட்டத்தட்ட பாதி கஞ்சியோடு போய்விடும். குக்கர் வந்த பிறகு வடிப்பதை விட்டுவிட்டோம். எங்கள் வீட்டில் நான் மறுபடி வடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

உண்மையிலேயே சாப்பிட நேரமில்லாத நாளும் வரும். அப்போது வே வகையில் 'ஐசொலேட்' என்று போட்டிருப்பதை வாங்கலாம், அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு, உங்கள் வயிற்றுக்கும் பெரும்பாலும் சரிப்படும். வெனிலா, அல்லது சுவையே சேர்க்காதது. ஒரு ஸ்கூப், சாப்பாட்டோடு, வாரத்தில் சில நாள் மட்டும்.

கடைசியாக அந்தப் பாதி டப்பா. சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் ஐம்பது கிராமை ஈரமில்லாத புது ஜிப் கவரில் போட்டு, பேட்ச் எண் தெரிகிற மாதிரி டப்பாவைப் படம் எடுத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற தனியார் கூடத்துக்கு அனுப்புங்கள். ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் நான்கும் வேண்டும், எண்ணாகவே வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அது உங்கள் சொந்தத் தகவலுக்கு மட்டும். புகார் வரை போக வேண்டுமென்றால் திறந்த டப்பா செல்லாது. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க உரிமை தருகிறது. சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தஞ்சாவூரிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்று உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலர் சொல்வார்.

சோதிக்கப் போவதில்லை என்றால் குப்பையில் கொட்டிவிடுங்கள். ஆயிரத்து ஐநூறு ரூபாய் போகிறதே என்று ஜிம் நண்பருக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவர் வீட்டில் யார் குடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கொட்டும்போது அக்காவின் தலைமாட்டில் ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள்.